நாலு மாதம் மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லையே, ஏன்?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 29. கணவர் பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒருமுறை வருவார். எனக்கு ரத்தம் (ஹீமோகுளோபின்) 8.4 என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். நாலு மாதம் போட்டேன். மறுபடி பார்த்தால் 8.7 தான். பீட்ரூட், மாதுளை எல்லாம் காசு செலவழித்து வாங்கிச் சாப்பிட்டும் பார்த்துவிட்டேன். எப்போதும் அசதி, ஒரு குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. பையனுக்கு 7 வயது. புதிதாக முளைத்த முன்பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு விழுந்திருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை, பள்ளியில் கேலி செய்கிறார்களாம். மகளுக்கு 3 வயது. மண்ணையும் சுவர்க் காரையையும் சுரண்டித் தின்கிறாள். சோறு இறங்குவதில்லை, செல்போனைக் காட்டினால்தான் வாயைத் திறக்கிறாள். டப்பாவில் விற்கும் சத்து பானம் வாங்கிக் கொடுக்கலாமா? பக்கத்து வீட்டு அக்கா, "வாக்கிங் போ, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். வயல் வேலை, மாட்டு வேலை, நூறு நாள் வேலை எல்லாம் செய்கிறேனே, அது போதாதா? எங்களுக்கு ஒகேனக்கல் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒருநாள் வரும், அதைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு சமையலுக்கும் மற்றதற்கும் போர் தண்ணீர் எடுக்கிறோம். ஒகேனக்கல் தண்ணீரில் பிளீச்சிங் வாடை வேறு. மாமியாருக்குக் கழுத்தும் முதுகும் பிடித்துக்கொண்டு குனியவே முடியவில்லை, வயசாகிவிட்டது என்கிறார். எனக்கும் பிள்ளைகளுக்கும் நல்ல டானிக்காக எழுதிக் கொடுங்கள்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

டானிக் எழுதப் போவதில்லை. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் தண்ணீரைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது. உங்கள் அசதி, பையனின் பற்கள், மாமியாரின் முதுகு மூன்றையும் தனித்தனி நோயாக நினைத்து மூன்று டாக்டரிடம் போவீர்கள். மூன்றுக்கும் காரணம் உங்கள் வீட்டுப் போரிலேயே இருக்கலாம் என்று நான் சந்தேகப்படுகிறேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடிப் பாறையில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகம். ஆழத்தில் பாறையோடு கிடக்கும் தண்ணீரில் அது கரைந்து வரும். நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியிலும் தெரியாது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, வேறு தண்ணீரே கிடையாது என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் பக்கத்துப் போர்கள் பலவற்றில் இதைவிட அதிகம் இருந்ததால்தான் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கலிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். 2013 மே மாதம் திறக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரைடு நோய்த் தடுப்பும் சேர்ந்திருக்கிறது. ஊரில் நாம் அதைச் சுருக்கி 'ஒகேனக்கல் தண்ணி' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது எதற்காக வந்தது என்பதும் அதோடு மறந்துபோய்விட்டது.

குடிக்கத்தான் நல்ல தண்ணீர் எடுக்கிறோமே என்பீர்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற மிச்சத்தில் அது இன்னும் கூடத்தான் செய்யும். அரிசி எவ்வளவு தண்ணீரை இழுக்கிறதோ அவ்வளவு ஃபுளோரைடும் சோற்றோடு வரும். களி, குழம்பு, டீ எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வயலுக்குப் போனால் தாகத்துக்கு எந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள்? மோட்டார் ஓடும்போது பைப்பில் கையேந்திக் குடிப்பதுதானே வழக்கம்? வெயில் காலத்தில் அங்கேயே மூன்று லிட்டர் உள்ளே போயிருக்கும். ஆக வீட்டில் குடத்தில் இருப்பது மட்டும்தான் காவிரி, உடம்புக்குள் போவதில் பெரும்பங்கு போர்.

இதற்கும் ரத்தம் ஏறாததற்கும் என்ன சம்பந்தம்? குடலின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய விரல்கள் போன்ற நீட்சிகள் கோடிக்கணக்கில் உண்டு. சாப்பாட்டிலுள்ள சத்தை உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்புவது அவைதான். அதிக ஃபுளோரைடு நாள்கணக்கில் போய்க்கொண்டே இருந்தால் அவை தேய்ந்துவிடும். பிறகு நீங்கள் மாத்திரை போட்டாலும் மாதுளை தின்றாலும் உள்ளே ஏறுவது கொஞ்சம்தான். டெல்லியில் ஏ.கே. சுசீலா என்ற விஞ்ஞானி பல ஆண்டுகளாக இதைப் பற்றி ஆராய்ந்தவர். ரத்தசோகையும் சிறுநீரில் அதிக ஃபுளோரைடும் இருந்த கர்ப்பிணிகளுக்கு, ஃபுளோரைடு இல்லாத தண்ணீருக்கு மாறவும் சத்தான சாப்பாடு சாப்பிடவும் வழிகாட்டினார்கள். ஹீமோகுளோபினும் ஏறியது, எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளும் குறைந்தார்கள். 2010இல் அதை வெளியிட்டார்கள். தண்ணீர் ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை உண்டு. அவர்கள் எல்லோரும் தர்மபுரித் தண்ணீரா குடிக்கிறார்கள்? ஆனால் உங்கள் ஊரில் மாத்திரை போட்டும் ஏறாத ரத்தத்தைப் பார்த்தால் எந்த டாக்டரும் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் போர் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குத் தண்ணீர்ச் சோதனைப் பெட்டி கொடுத்து, உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். இழுத்தடித்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டாவதாக, முடிவு வரும்வரை காத்திருக்காமல் இன்றிலிருந்தே குடிக்க, சமைக்க, டீ போட மூன்றுக்கும் ஒகேனக்கல் தண்ணீர். நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் இருந்தால் சமாளிக்கலாம், ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற வீட்டில் மூன்று குடம் பிடித்து வைத்தால் போதும். பாத்திரம் கழுவ, துவைக்க, குளிக்க, மாட்டுக்கொட்டகை கழுவ போர் இருக்கட்டும், தோல் வழியாக அது ஏறாது. பிளீச்சிங் வாடைக்கு, அகன்ற பாத்திரத்தில் ஊற்றி மெல்லிய துணியால் கட்டி ஒரு ராத்திரி வையுங்கள், பெரும்பாலும் போய்விடும். துணி கட்டாமல் மட்டும் விடாதீர்கள், டெங்குக் கொசு நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும். வயலுக்கு இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டு. தூக்கச் சுமைதான், ஆனால் இதில் சலுகை கிடையாது.

தண்ணீர் இவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டது. அடுத்தது டீ.

எத்தனை டீ குடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. எழுந்ததும் ஒன்று, பத்து பதினோரு மணிக்கு வேலையிடத்தில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, விருந்தாளி வந்தால் கூட ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன். டீத்தூளிலுள்ள டானின் சாப்பாட்டிலிருக்கும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடோ சாப்பிட்ட உடனேயோ டீ குடித்தால் உடம்பில் சேர வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் வீணாகப் போகலாம். போதாததற்கு டீச்செடியே மண்ணிலிருந்து ஃபுளோரைடை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கிற செடி. அதைப் போர் தண்ணீரில் கொதிக்கவைத்தால் இரட்டை வரவு. டீயை விடச் சொல்லமாட்டேன், சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். இரண்டாகக் குறையுங்கள், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணிநேரம் தள்ளிக் குடியுங்கள். பிள்ளைகளுக்கு மட்டும் டீ வேண்டவே வேண்டாம். டீயில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளை சோறு தின்னவில்லை என்று வருத்தப்படுகிற அம்மாக்களைத் தினமும் பார்க்கிறேன்.

அந்தச் சத்து மாத்திரையை எப்போது போட்டீர்கள்? காலையில் டீயோடு போட்டிருந்தால் நாலு மாதக் கணக்கில் பாதியை அடித்துவிடலாம். கால்சியம் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்து, இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டிருந்தாலும் அப்படித்தான், கால்சியம் இரும்பைத் தடுக்கும். இரும்பு மாத்திரையை ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணிநேரம் கழித்து, எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரோடு போடுங்கள். கால்சியம் காலையில் இருக்கட்டும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. வயிற்றைப் புரட்டுகிறது, மலச்சிக்கல் ஆகிறது என்று பாதியில் நிறுத்திவிடாமல், ஒன்றுவிட்டு ஒருநாள் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்படிப் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு எடுத்துக்கொள்ளும் இரும்பு கூடுதலாக இருப்பதாக ஆய்வுகள் உண்டு, வயிற்றுக்கும் சௌகரியம். ஒழுங்காகப் போட்டால் ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். 12ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், இல்லையென்றால் உடம்பின் கையிருப்பு நிரம்பாது. இன்னொன்று, ரொம்ப முக்கியம். அந்தச் சிவப்பு மாத்திரையைப் பரணில் வையுங்கள். கண்டதையும் வாயில் போடுகிற மூன்று வயதுக் குழந்தைக்கு அது மிட்டாய் போலத் தெரியும். பத்துப் பதினைந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கையில் எத்தனை வீட்டுக் காசு போகிறதோ தெரியவில்லை. 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு 1 மில்லிகிராம்கூடத் தேறாது. மாதுளையில் அதைவிடக் குறைவு. உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். மாதுளைக்குக் கொடுக்கும் காசில் மாதம் இரண்டுமுறை ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ (மண்ணீரல்) வாங்கலாம். பிள்ளை பெற்றவளுக்கும் வெளுத்துப்போன பெண்ணுக்கும் சுவரொட்டி சுட்டுக் கொடுத்த நம் பாட்டிகளுக்கு ஹீமோகுளோபின் என்றால் என்னவென்று தெரியாது, ஆனாலும் சரியாகத்தான் செய்தார்கள். அசைவத்திலிருந்து வரும் இரும்பு கீரை, தானியத்தின் இரும்பைவிட எளிதாகச் சேரும். சைவ வீடு என்றால் கம்பு, கொள்ளு, எள்ளு, சுண்டைக்காய் வற்றல், கீரை. முருங்கைக்கீரையைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் கணக்கெல்லாம் மிகை. 100 கிராமில் நாலரை மில்லிகிராம் அளவுதான் இரும்பு, அதிலும் உடம்பில் சேர்வது பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ஆனாலும் கால்சியம் அதில் நிறைய, வேலியோரத்தில் சும்மா கிடைக்கிறது, விடாமல் சாப்பிடுங்கள். கீரையிலுள்ள இரும்பு சேர வேண்டுமானால் கூடவே புளிப்பும் வைட்டமின் சியும் வேண்டும். கடைசலில் தக்காளி தாராளமாகப் போட்டு, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். விலை இறங்கினால் தக்காளியை ரோட்டில் கொட்டுகிற ஊர் உங்களுடையது, உங்களுக்கா தக்காளிக்குப் பஞ்சம்? நெல்லிக்காயோ கொய்யாவோ நாளுக்கு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

ராகிக் களியை விட்டுவிடாதீர்கள். வெள்ளைச் சோறுதான் கௌரவம் என்று உங்கள் பக்கத்திலும் களி குறைந்துகொண்டு வருகிறது. 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அதே அளவு பாலில் இருப்பதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. வயிற்றில் கால்சியம் இருந்தால் ஃபுளோரைடு அதோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் கலக்காமல் வெளியேறும். புளி சேர்த்த சாப்பாடு சிறுநீர் வழியாக ஃபுளோரைடை வெளியேற்ற உதவுவதாக ஹைதராபாத் ஆராய்ச்சியாளர்கள் பள்ளிச் சிறுவர்களிடம் பார்த்திருக்கிறார்கள். களியும் புளிக்குழம்பும் உங்கள் ஊர்ச் சாப்பாடாக இருப்பது தற்செயலோ என்னவோ, உங்கள் ஊர்த் தண்ணீருக்கு அது பொருத்தம்தான். ராகியை முளைகட்டிக் காயவைத்து அரைத்தால் சத்து இன்னும் நன்றாகச் சேரும்.

இதையெல்லாம் சமைத்து யார் தட்டில் எவ்வளவு போடுகிறீர்கள் என்பதையும் கேட்க வேண்டும். மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டபிறகு, சட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கீரையில் நாலு கரண்டி ரசத்தை ஊற்றிக் கழுவிச் சாப்பிடுகிறவர் நீங்கள் என்று தோன்றுகிறது. பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். முட்டை மூன்று இருந்தால் உங்களுக்கும் ஒன்று.

மகள் மண் தின்பது குறும்பு அல்ல. இரும்புச் சத்து குறைந்த குழந்தைகளும் கர்ப்பிணிகளும் மண், சாம்பல், சாக்பீஸ், பச்சரிசி என்று தேடுவார்கள். அடித்தால் ஒளிந்து தின்பாளே தவிர நிறுத்தமாட்டாள். மண் வழியாகப் பூச்சி வயிற்றுக்குள் போகும். கொக்கிப்புழுவோ வெறுங்காலில் நடக்கும்போது தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடும், குடல் சுவரைக் கடித்து ரத்தத்தை உறிஞ்சும். ரத்தம் குறையக் குறைய மண் ஆசை கூடும். அங்கன்வாடியில் வருடத்துக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், குடற்புழு மாத்திரை கொடுப்பார்கள். தவறவிட்டிருந்தால் சுகாதார நிலையத்தில் இப்போதே கேட்டு வாங்குங்கள், ஒரே வேளைதான். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள், நாற்று வயலிலும் மாட்டுக்கொட்டகையிலும் வெறுங்காலில் நிற்கிறவர் நீங்கள். மகளுக்கு ஹீமோகுளோபின் பார்த்து, 11க்குக் கீழே இருந்தால் எடைக்கு ஏற்ற அளவில் இரும்பு சிரப் வாங்குங்கள். உங்கள் மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம். ரத்தம் ஏறினால் சில வாரங்களில் மண் ஆசை தானாக அடங்கிவிடும், சோறும் இறங்க ஆரம்பிக்கும்.

டப்பா பானத்துக்கு ஒரு வரிதான். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இவற்றை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பில் விற்காதீர்கள் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது, காரணம் அப்படி ஒரு வகையே உணவுச் சட்டத்தில் கிடையாது. டப்பாவின் பின்பக்கத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள், மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கன்வாடியில் இலவசமாகத் தருகிற சத்துமாவு பாக்கெட் எங்கே போகிறது? பல வீடுகளில் மாட்டுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதில் வெல்லமும் நெய்யும் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுங்கள், ராகி மாவும் கலக்கலாம். பையன் அரசுப் பள்ளி என்றால் காலை உணவும் மதியம் முட்டையோடு சத்துணவும் அங்கேயே கிடைக்கிறது. அந்த உப்புமாவும் சாம்பாரும் எந்தத் தண்ணீரில் வேகிறது என்று மட்டும் போய்க் கேளுங்கள். போர் தண்ணீர் என்றால் இன்னும் நாலு அம்மாக்களைச் சேர்த்துக்கொண்டு தலைமையாசிரியரிடமும் ஊராட்சியிடமும் பேசுங்கள். உங்கள் வீட்டுக் குடத்தை மாற்றுவது உங்கள் கையில், பள்ளித் தொட்டியை மாற்ற ஆள் பலம் வேண்டும்.

பையனின் பல்லில் இருப்பது அழுக்கு அல்ல. பல் ஈறுக்குள் உருவாகும்போதே எனாமலுக்குள் ஃபுளோரைடு செய்துவிட்ட கோளாறு. செங்கல்தூள், உப்பு, கரி எதைப் போட்டுத் தேய்த்தாலும் பல்தான் தேயும், கறை போகாது. வளர்ந்தபிறகு பல் டாக்டர் மேற்பூச்சு பூசி மறைக்கலாம். இப்போதைக்கு அவனிடம், "நீ ஒழுங்காகத் தேய்க்காததால் வந்தது அல்ல, தண்ணீரால் வந்தது" என்று சொல்லுங்கள். அவன் வகுப்பில் இன்னும் நாலைந்து பேருக்காவது இதே பல் இருக்கும், பாருங்கள். நீங்கள் அவசரப்பட வேண்டியது மகளுக்காக. அவளுடைய நிலைப்பற்கள் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. எட்டு வயது வரைக்கும் இந்த வேலை நடக்கும். இன்றைக்குத் தண்ணீரை மாற்றினால் அண்ணனுக்கு வந்த அளவுக்குக் கறை தங்கைக்கு வராமல் தடுக்க வாய்ப்பு உண்டு. பேஸ்டை விழுங்குகிற வயதாக இருப்பதால் அவளுக்கு ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட் வாங்குங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவின் யோசனை அவருக்கு நல்லது, உங்களுக்கு இப்போது வேண்டாம். குடம் தூக்கினாலே மூச்சு வாங்குகிற, 8.7 ரத்தமுள்ள உடம்பு ஏற்கனவே கடன் வாங்கித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அதிகாலையில் எழுப்பி வேகநடை போகச் சொல்லமாட்டேன். வாரத்துக்கு 150 நிமிடம் உடலுழைப்பு வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கை நீங்கள் வாரத்தின் முதல் இரண்டு நாளிலேயே முடித்துவிடுவீர்கள். உங்களுக்குக் குறைவது ஓய்வு. மதியம் அரைமணி நேரம் காலை நீட்டிப் படுங்கள், யார் என்ன சொன்னாலும். தலைச்சுமையை இரண்டு நடையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ரத்தம் 11ஐத் தாண்டியபிறகு, நாள் முழுக்கக் குனிந்தே செய்கிற வேலைக்கு மாற்றாக முதுகையும் தோளையும் நிமிர்த்துகிற சில பயிற்சிகளைச் சேர்க்கலாம்.

மகளின் நிலைமை தலைகீழ். 3 வயதுக் குழந்தை ஒரு நாளில் மூன்று மணிநேரமாவது ஓடி ஆடிக் குதிக்க வேண்டும், திரை பார்ப்பது ஒரு மணிநேரத்தைத் தாண்டக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது அதே நிறுவனம். போனைப் பார்த்துக்கொண்டு விழுங்குகிற குழந்தைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிரம்பியதும் தெரியாது. அங்கன்வாடிக்கு அனுப்புங்கள், சாயங்காலம் செருப்பு போட்டு வெளியே விடுங்கள், பசியோடு வருவாள். முதல் மூன்று நாள் போனுக்காக அழுவாள். பாக்கெட் நொறுக்கைக் கொடுத்துச் சமாதானம் செய்யாமல் தாக்குப்பிடித்தால் நாலாம் நாள் தட்டில் கை வைப்பாள்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் விறகடுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விழுப்புரம், நாகப்பட்டினம் கிராமங்கள் உட்பட நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். புகை நன்றாகக் குறைந்தது, ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் வரவில்லை என்று 2022இல் அறிவித்தார்கள். எனவே அடுப்பை மாற்றினால் எல்லாம் மாறும் என்று உங்களிடம் சொல்லமாட்டேன். ஆனாலும் புகை நுரையீரலுக்கும் கண்ணுக்கும் கெடுதல் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. கேஸ் தீர்ந்துவிடும் என்று பயந்து விறகில் சமைக்கிறவராக இருந்தால், அந்தப் பயம் புரிகிறது. சமையல் கேஸில், குளிக்கத் தண்ணீர் காய்ச்சுவது மட்டும் விறகில், அதுவும் வீட்டுக்கு வெளியே என்று பிரித்துக்கொள்ளுங்கள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதாதீர்கள்.

மாமியாரை மூன்று காரியம் செய்யச் சொல்லிப் பாருங்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட வேண்டும். முகவாயை நெஞ்சில் படவைக்க வேண்டும். கைகளை விரித்து, மடக்கிப் பின்னந்தலையைத் தொட வேண்டும். முடியவில்லை என்றால் ஃபுளோரைடு எலும்பில் படிந்து இறுக்கியிருக்கலாம், வயசு என்று விட்டுவிடாமல் மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள், எக்ஸ்ரேயும் சிறுநீரில் ஃபுளோரைடு அளவும் பார்க்கச் சொல்லுங்கள். தேசிய ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு நோய்) தடுப்புத் திட்டம் 2008-09இலிருந்தே இருக்கிறது, உரிமையோடு கேட்கலாம். இறுகிப்போன எலும்பை இளக்க மருந்து கிடையாது, ஆனால் தண்ணீரை மாற்றினால் மேலும் மோசமாகாமல் தடுக்கலாம், வலியும் குறையக்கூடும். வெற்றிலை போடுகிறவர் என்றால் பாக்கை நிறுத்தச் சொல்லுங்கள், அதிலும் ஃபுளோரைடு உண்டு, வாய்ப் புற்றுநோயும் உண்டு.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். மாதவிடாய் எத்தனை நாள்? ஏழு நாளுக்கு மேல் போகிறதா, இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் படுகிறதா? ஆம் என்றால் தண்ணீரை மாற்றினாலும் உடம்பில் ரத்தம் தங்காது, பெண் டாக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுக்க வேண்டும். இதைச் சொல்ல வெட்கப்பட்டே பல பெண்கள் வருடக்கணக்கில் மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நர்சம்மா அடுத்தமுறை ஊருக்கு வரும்போது இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். இன்றைய தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, எட்டு வாரம் கழித்து உங்களுக்கும் மகளுக்கும் மறுபடி ஹீமோகுளோபின் பாருங்கள். 10ஐத் தாண்டியிருந்தால் இப்படியே தொடருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் அதே மாத்திரையை இன்னும் நாலு மாதம் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புக் கையிருப்பு), வைட்டமின் பி12, தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) பரிசோதனைகளைக் கேளுங்கள். இரும்பை நரம்பில் ஏற்றும் ஊசி தேவையா என்பதையும் டாக்டர் அப்போது முடிவு செய்வார். முடிவு எதுவானாலும், போர் தண்ணீரின் சோதனைச் சீட்டையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.